தன் அறைக் கதவைத் தட்டிய கைதி

மலாக்காவின் காஜா பெராங்கில், மருந்து கட்டும் டிரஸ்ஸர் கலியாணசுந்தரத்தின் கோபத்துக்கு யாரும் பயந்ததில்லை. பசாரில் மீன்காரனை ஏசுவார், பஸ் தாமதமாக வந்தால் கண்டக்டரை ஏசுவார், சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டால் ரோட்டோரமாக நிறுத்தி அதையும் ஏசுவார். "மனுஷனுக்கு யார் மேலயும் பகை கிடையாது. எல்லார் மேலயும் சலிப்பு, அவ்வளவுதான்" என்பாள் அவர் மனைவி பூங்காவனம். ஏச்சு முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, "சரி, கை கழுவிட்டு வாங்க" என்று சோற்றைப் போடுவாள்.

சலிப்பு வராமல் என்ன செய்யும்? அவருக்கு வாய்த்த வேலை அப்படி. ஊர்ச் சிறையின் பின்கட்டில் ஒரு நீளமான அறையும் அதை ஒட்டிச் சில தனி அறைகளும் இருந்தன. அரசாங்கம் அதற்கு நோயாளர் பகுதி என்று பெயர் வைத்திருந்தது. கைதிகளும் வார்டர்களும் பைத்தியக் கொட்டடி என்றார்கள். சித்தம் கலங்கிய கைதிகளை அங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்த கலியாணசுந்தரத்தை, ஆள் இல்லை, ஒரு மாசம் பார்த்துக்கொள் என்று அங்கே அனுப்பினார்கள். அனுப்பிய அதிகாரி மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின் வந்தவருக்கு இப்படி ஒருவரை அனுப்பியிருப்பதே தெரியாது. அந்த ஒரு மாசம் அப்படியே நீண்டு அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

ஒரு கைதி சுவரோடு பேச ஆரம்பித்தால் சிறைக்காரர்கள், இவன் நோயாளி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்பார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள், இவன் கைதி, சிறையிலேயே வைத்துக்கொள் என்பார்கள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் கும்பிடு போடுவது கலியாணசுந்தரத்தின் உத்தியோகம். போர்வை கேட்டால் அது சிறைச் செலவு என்று ஒரு பதில் வரும், ஆஸ்பத்திரிச் செலவு என்று இன்னொரு பதில் வரும், போர்வை மட்டும் வராது. அவரும் விடாமல் அறிக்கை எழுதுவார். கிணற்றில் கல்லைப் போட்டால் சத்தமாவது கேட்கும். அவர் அறிக்கைகளுக்கு அதுவும் கிடையாது.

இவ்வளவு ஏசினாலும் கொட்டடியில் இருந்தவர்களை அவர் கைவிட்டதில்லை. சாப்பிடாதவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "தின்னுடா, உன் தலையெழுத்தும் என் தலையெழுத்தும் சேர்ந்து இங்க கிடக்கு" என்று திட்டிக்கொண்டே ஊட்டுவார். நகம் வெட்டிவிடுவார். வார்டர் எவனாவது கைதியைப் பார்த்துச் சிரித்தால் அன்றைக்கு அந்த வார்டருக்குத்தான் சனி.

அந்தக் கொட்டடிக்கு வேலாயுதம் வந்து சேர்ந்தான். அவன் காஜா பெராங்கில் கம்போங் செட்டி என்ற குடியிருப்பைச் சேர்ந்தவன். மலாக்கா செட்டிகள் எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்த மண்ணில் பெண் எடுத்துத் தங்கிவிட்டவர்கள். சாமி நம் சாமி, பெயர் நம் பெயர், பேச்சு மட்டும் மலாய். அக்கா, அண்ணே என்று நாலைந்து தமிழ்ச் சொல் நாக்கில் மிஞ்சியிருக்கும். வேலாயுதம் ஒரு ரப்பர் கிட்டங்கியில் எடை போடுகிறவன். மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அவன் பேச்சு குறைந்தது, தூக்கம் போனது. ஒரு நாள் வேலை நேரத்தில் தராசை அடித்து நொறுக்கி, தடுக்க வந்த முதலாளியின் கையையும் முறித்துவிட்டான். கோர்ட்டில் வாயே திறக்கவில்லை. திமிர் என்று நினைத்துச் சிறைக்கு அனுப்பினார்கள். சிறையிலும் திறக்காமல் போகவே கொட்டடிக்கு வந்தான்.

வந்த புதிதில் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சோறு வைத்தால் ஈ தின்னும். கலியாணசுந்தரம் எத்தனையோ பேரைப் பார்த்தவர், இவனைப் பார்த்து ஏனோ பதறினார். அப்போதுதான் மனநோய்க்குப் புது மாத்திரை ஒன்று வந்திருந்தது. அதை வாங்குவதற்கு அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஆஸ்பத்திரி மருந்துக்கடை, கைதிகளுக்கு இது கிடையாது என்றது. வாரம் ஒரு தரம் சிறைக்கு வந்து பார்க்கும் டாக்டர் தேவதாஸ் நல்ல மனிதர், ஆனால் அரை மாநிலம் அவர் தலையில் இருந்தது. "எழுதிக் குடுங்க கலியாணம், நான் பார்க்கிறேன்" என்பார். கலியாணசுந்தரம் எழுதிக் கொடுத்தார், திரும்ப எழுதிக் கொடுத்தார், கடைசியில் டாக்டரின் காருக்கு முன்னால் சைக்கிளைக் குறுக்கே போட்டு நின்றார். மாத்திரை வந்தது.

மாத்திரை வேலை செய்ததா, பக்கத்தில் உட்கார்ந்து இவர் ஏசிய ஏச்சு வேலை செய்ததா தெரியாது. வேலாயுதம் மெல்ல மெல்லத் தூங்கினான், தின்றான். ஒரு காலையில், "கஞ்சியில உப்பு இல்ல, துவான்" என்றான். அவன் சொன்னது மலாயில், துவான் என்றால் ஐயா. அவரும் அவனும் பேசிக்கொண்டதெல்லாம் மலாயில்தான், இங்கே தமிழாக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலியாணசுந்தரத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உப்பு வேணுமாம் துரைக்கு!" என்று கத்திக்கொண்டே சமையல்கட்டுக்கு ஓடினார்.

அது மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிற வருஷம். கொடி ஏறும் நாளை ஒட்டிச் சின்னக் குற்றம் செய்தவர்களை விட்டுவிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. சித்தம் சரியில்லாதவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்களைத் தொலைதூரத்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு லோரியில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. அங்கே போகிறவன் எப்போது திரும்புவான் என்பதற்குக் கெடு எதுவும் கிடையாது. வேலாயுதம் குணமாகிவிட்டான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவன் பெயர் விடுதலைப் பட்டியலில் ஏறியது. பல வருஷ உத்தியோகத்தில் தன் கையால் ஒருவனை முழுசாக வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று கலியாணசுந்தரம் வெளியே சொல்லாமல் பூரித்துக்கொண்டார்.

ஆண்டின் நடுவில் பழக்காலம் வந்தது. வேலாயுதத்தின் அக்கா தெய்வானை ஒரு கூடை பழம் கொண்டுவந்து வாசலில் கொடுத்தாள். ரம்புத்தான், மாம்பழம், மங்குஸ்தான், வாழைப்பழம். வெளிச்சாப்பாடு உள்ளே போகக் கூடாது என்றார்கள். நோயாளிக்குப் பழம் நல்லது என்று கலியாணசுந்தரம்தான் சண்டை போட்டு உள்ளே அனுப்பிவைத்தார்.

அன்று பிற்பகல் அவர் ஆஸ்பத்திரியில் மாத்திரைக்காக இன்னொரு சண்டை போட்டுத் தோற்று, வெயிலில் சைக்கிள் மிதித்துத் திரும்பினார். கொட்டடியில் பார்த்தால் வேலாயுதத்தின் தனி அறை சாத்திக் கிடக்கிறது. வேலாயுதம் வெளியே கைகட்டி நிற்கிறான். பக்கத்தில் வார்டர் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான்.

"உள்ள யாரு?"

"யாரும் இல்லைங்க" என்றான் வார்டர்.

"அப்புறம் ஏன் வெளிய நிக்கிறீங்க?"

வேலாயுதம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "மெதுவா, துவான். சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

"யாருடா?"

"அப்பா. தாத்தா. என் வீட்டுக்காரி. எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன்."

வேலாயுதம் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தான். பிறகு தன் அறைக் கதவைத் தானே மரியாதையாகத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுத் திறந்தான். தரையில் இலை. இலையில் பழங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஒரு பழம்கூடத் தொடப்படவில்லை. "திருப்தியா சாப்பிட்டாங்க" என்று அவன் சிரித்தான். அவன் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சிரிப்புதான் அவரைக் கவிழ்த்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். செத்தவர்களோடு பேச்சு, இல்லாத ஆளுக்கு விருந்து, காலி அறைக் கதவைத் தட்டுவது! படித்த பாடத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா இந்த மடையன்? ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வர, அங்கேயே உட்கார்ந்து எழுதினார். நோய் திரும்பிவிட்டது, இறந்தவர்களைக் காண்கிறான், உடனே கவனிக்க வேண்டும். மருந்தைக் கூட்டிக் கொடுக்கட்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

உலக அதிசயம் அன்றைக்கு நடந்தது. அவர் அறிக்கையை ஒருவர் படித்தார். படித்தது மட்டுமா, அன்றே காரியமும் நடந்தது. மெர்டேக்காவுக்கு முன் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், கொட்டடியைக் காலி செய்து வெள்ளையடிக்க வேண்டும் என்று சிறை நிர்வாகம் தவித்துக்கொண்டிருந்தது. வேலாயுதத்தின் பெயர் விடுதலைப் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டு லோரிப் பட்டியலில் ஏறியது. போர்வை கேட்டு எழுதியபோது இந்தச் சுறுசுறுப்பு எங்கே போயிருந்தது என்று கேட்க ஆள் இல்லை.

சேதி கேட்டுத் தெய்வானை அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். கெபாயாச் சட்டை போட்டு, சாரோங் கட்டி, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"அண்ணே, என் தம்பிய எதுக்காகப் பைத்தியம்னு எழுதினீங்க?"

"நானா ஆசைப்பட்டு எழுதினேன்? செத்தவங்களுக்குப் பழம் வச்சுட்டு வெளிய நின்னு கதவைத் தட்டுறானே!"

தெய்வானை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது பார்ச்சு, அண்ணே. பழக்காலத்துல பெரியவங்களுக்குப் படைக்கிறது. கூப்பிட்டுட்டு எல்லாரும் வெளிய வந்து கதவச் சாத்திடணும். அவங்க சாப்பிடுறத நாம பார்க்கக் கூடாது. திரும்பப் போறப்ப தட்டிட்டுத்தான் போகணும். எங்க வீட்டுல ஆம்பளன்னு அவன் ஒருத்தன்தான் இருக்கான். அவன் கூப்பிட்டாத்தான் வருவாங்க. அதுக்காகத்தானே பழத்தக் கொண்டாந்து குடுத்தேன்! எங்க கம்போங் பக்கத்துலயே இத்தனை வருஷம் குடியிருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற காரியம் வெளியாளுக்கு எப்படித் தெரியும் என்று வாதாடப் பார்த்தார். உள்ளேயிருந்து பூங்காவனம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, உங்க அப்பாவுக்குப் படைக்கிறப்ப நான் என்ன செய்றேன்? இலையப் போட்டு, கதவச் சாத்திட்டு, வெளிய நிக்கலையா? நீங்க அதுக்குள்ள பசிக்குது பசிக்குதுன்னு ஏசலையா? அப்ப நானும் பைத்தியமா? என்னையும் எழுதிக் குடுங்க, லோரியில இடம் இருக்கும்."

சொந்த வீட்டில் வருஷா வருஷம் நடப்பதுதான். கம்பிக்கு அந்தப் பக்கம், மலாய்ப் பேச்சில், கைதிச் சட்டை போட்டவன் அதையே செய்தபோது நோயாகத் தெரிந்துவிட்டது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. சோற்றைத் தொடாமல் சைக்கிளை எடுத்தார்.

சிறை ஆபீசில் பெரிய கிராணியான தலைமைக் குமாஸ்தா தம்பிராஜா யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர். அறிக்கையைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீர்தானே எழுதினீர்?"

"எழுதினேன். தப்பா எழுதிட்டேன்."

"நோய் வந்திட்டுது எண்டு எழுத உமக்கு உரிமை இருக்கு. இல்லை எண்டு எழுத உரிமை இல்லை. அது டாக்குத்தர் வேலை."

"வந்துச்சுன்னு நான் சொன்னா நம்புவீங்க, போச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்களா? இது எந்த ஊரு நியாயம்?"

"அரசாங்க நியாயம்" என்றார் தம்பிராஜா, கண்ணாடியை மாட்டிக்கொண்டே. அதற்குமேல் அவரிடம் கத்துவது வீண். சிறை மேலாளராக இருந்த வெள்ளைக்காரரோ கப்பலேறும் அவசரத்தில் பீங்கான் தட்டுகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். டிரஸ்ஸரைக் கண்டதும், டாக்டரைப் பார் என்று கையை ஆட்டினார்.

டாக்டர் தேவதாஸ் பொறுமையாகக் கேட்டார். "நான் நம்புறேன், கலியாணம். நாங்களும் கல்லறைக்குப் பூ வச்சு மெழுகுவத்தி ஏத்துறவங்கதான். ஆனா இனிமே என் ஒருத்தன் கையெழுத்து செல்லாது. டாக்டருங்க குழு ஒண்ணு உட்காரப் போகுது, என்னோட இன்னும் ரெண்டு பேர். வெளியூர்க்காரங்க, ஒரே காலையில ஏகப்பட்ட பேரைப் பார்த்துட்டுப் போகணும். பார்ச்சும் படையலும் சொல்லி விளங்க வைக்க அவங்களுக்கு நேரம் கிடையாது. ஒரே கேள்விதான் கேப்பாங்க. செத்தவங்க வந்தாங்களா? ஆமான்னா லோரி. இல்லன்னா வீடு."

"வந்தாங்கன்னு அவன் நம்புறான், டாக்டர். நம்புறவன எப்படி இல்லன்னு சொல்லச் சொல்றது?"

"அது உங்க சாமர்த்தியம்" என்று டாக்டர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

இதுவும் என் தலையிலா என்று பொருமிக்கொண்டே கலியாணசுந்தரம் கொட்டடிக்குத் திரும்பினார். இதற்கு முன் சிலருக்கு அவர் பைத்தியத்தை மறைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். புத்தியோடு இருப்பதை மறைக்கச் சொல்லிக் கொடுப்பது இதுதான் முதல் தடவை.

"வேலாயுதம், அவங்க கேட்டா யாரும் வரலன்னு சொல்லிடு."

"வந்தாங்களே, துவான்."

"நீ கண்ணால பார்த்தியா?"

"பார்க்கக் கூடாது, துவான். அதுக்காகத்தானே வெளிய நின்னோம்."

"பார்க்கலல்ல? அப்ப வரலன்னு சொன்னா அது பொய்யில்லையே?"

வேலாயுதம் யோசித்தான். "துவானோட அப்பாவுக்கும் படைப்பீங்கன்னு அக்கா சொல்லி அனுப்பினாங்க. அவரு வரலன்னு நீங்க சொல்லுவீங்களா?"

கலியாணசுந்தரத்துக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். இத்தனை தெளிவாகப் பேசுகிறவனைப் பைத்தியம் என்று எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

நாள் நெருங்கியது. அவன் அசையவில்லை. பொய் சொன்னால் அவர்கள் கோபித்துக்கொண்டு அப்புறம் வரவே மாட்டார்கள் என்று பயந்தான். கடைசியில் தெய்வானையைத்தான் அழைத்துவந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார். அவள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை.

"நீ லோரியில போயிட்டா அடுத்த பார்ச்சுக்கு யாரு கூப்பிடுவா? நான் கூப்பிட்டா வருவாங்களா? அப்பா பசியோட வாசல்ல வந்து நிப்பாரு, உள்ள வான்னு சொல்ல ஆள் இருக்காது. அதுக்கு அடுத்த வருஷமும் இருக்காது. யோசிச்சுக்கோ."

வேலாயுதம் சரி என்று தலையை ஆட்டினான்.

குழு கூடிய அன்று சிறை முழுக்கச் சுண்ணாம்பு வாடை. வெளியே கொடிக்கம்பத்துக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் டாக்டர் தேவதாஸ். கலியாணசுந்தரம் வேலாயுதத்தின் பின்னால் நின்றார். பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள், சரியாகச் சொன்னான். பிறகு வலது பக்கம் இருந்தவர் தாளைப் பார்த்துக்கொண்டே மலாயில் கேட்டார்.

"இறந்தவர்கள் உன் அறைக்கு வந்ததாகச் சொன்னாயாமே? வந்தார்களா?"

வேலாயுதம் திரும்பி டிரஸ்ஸரைப் பார்த்தான். கலியாணசுந்தரம் தரையைப் பார்த்தார்.

"இல்ல, துவான்" என்றான் வேலாயுதம். "யாரும் வரல. செத்தவங்க எங்கே வருவாங்க? பழத்த நானே தின்னுட்டேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். நோயை நோய் என்று அறிகிற தெளிவு வந்துவிட்டது என்று இடது பக்கத்தவர் சொல்ல, டாக்டர் குனிந்து எழுதினார். விடுதலைப் பட்டியலில் பெயர் திரும்ப ஏறியது. அடுத்த ஆள் என்று கூப்பிட்டார்கள்.

ஜெயித்தாயிற்று. கலியாணசுந்தரத்துக்கு யாரையாவது பிடித்துக் கன்னாபின்னாவென்று ஏச வேண்டும் போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தம்பிராஜா விதியைச் சொன்னார். அறிக்கையை எழுதியது இந்தக் கை. இருவரும் வெள்ளையடித்த சுவரோரமாகக் கொட்டடிக்கு நடந்தார்கள்.

பாதி வழியில் வேலாயுதம் நின்றுவிட்டான்.

"துவான், நான் உள்ள சொன்னது அப்பாவுக்குக் கேட்டிருக்குமா?"

கேட்டிருக்காது என்று சொல்ல அவர் வாயெடுத்தார். சொல்ல வரவில்லை. இவனைப் பற்றி ஒரு பொய் எழுதி, இவன் வாயால் ஒரு பொய் சொல்லவைத்து, இன்னும் எத்தனை? வழக்கமான ஏச்சுக் குரலிலேயே சொன்னார்.

"கேட்டிருக்கும். கேக்காம என்ன? வீட்டுக்குப் போனதும் அவரைக் கூப்பிட்டுச் சொல்லு, அந்த டிரஸ்ஸர்தான் சொல்லச் சொன்னான்னு. ஏசணும்னா உன்ன ஏச வேண்டாம், என்னை வந்து ஏசட்டும். கதவத் திறந்து வச்சுட்டு உட்கார்ந்திருக்கேன்."